சம்பளம் எவ்வளவுன்னு கேட்டது ஒரு குத்தமா?

இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் ராத்திரி முழுக்க இருந்தேன். காலையில் எழுந்து பார்த்தால், தொண்டு நிறுவன வேலைகளைப் பற்றி நேற்று ஜூமில் நடந்த கூட்டத்திலிருந்து வெட்டிய அந்த ஒன்றரை நிமிட வீடியோ நாலு வாட்சாப் குழுவில் வந்து கிடக்கிறது. கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். கைதட்டியவர்களில் மூன்று பேர் என்னோடு ஃபீல்டில் அலைந்தவர்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

எல்லோரும் பார்த்திருப்பீர்கள், திரும்பக் கதை சொல்லவில்லை. வேலை தேடி வந்த ஒரு தம்பி பேச்சாளரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சார், ஆரம்பத்துல சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?" அதற்குப் பேச்சாளரிடமிருந்து ஒரு சிரிப்பு. பிறகு, "தம்பி, சம்பளத்துக்குன்னா வேற துறை நிறைய இருக்கு. இங்க மனசு இருக்கிறவங்க வாங்க." வீடியோ அங்கேயே முடிந்துவிடுகிறது. நான் ஜூமில் இருந்தேன், அதற்கடுத்த பத்து வினாடியையும் பார்த்தேன். அந்தப் பையன் கேமராவை அணைத்துவிட்டான். கறுப்புக் கட்டத்தில் பேர் மட்டும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை.

கூட்டத்தின் தலைப்பு என்ன? 'தொண்டுத் துறையில் வேலைவாய்ப்புகள்'. வேலைவாய்ப்பு என்று போஸ்டர் அடித்துக் கூப்பிட்டது நீங்கள். வந்தவன் கூலி கேட்டதும் அது சேவையாகிவிட்டது. நல்லா இருக்குங்க நியாயம்.

சம்பளம் கேட்பது தப்பில்லை. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், ஆனால் என்னால் முடியவில்லை. காரணம் இருக்கிறது.

நான் இந்தத் துறைக்கு வந்து பதினாலு வருடம். முதல் பதினோரு மாதம் எனக்குக் கிடைத்ததன் பெயர் மதிப்பூதியம். அதில் மதிப்பும் கிடையாது, ஊதியமும் கிடையாது. எப்படிச் சமாளித்தேன்? அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா வேலைக்குப் போனாள், அக்கா சம்பளத்தில் நான் சேவை செய்தேன். விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். அவளுக்கு யாரும் போடவில்லை. எனக்கும் அன்றைக்கு அது தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னையும் சேர்த்து அன்றைக்குச் சேர்ந்தவர்கள் ஐந்து பேர். அதில் மூன்று பேர் நாலாவது மாதம் தாண்டவில்லை. மனசு இல்லாமலா போனார்கள்? ஒருத்தன் வீட்டில் கடன், ஒருத்திக்குப் பஸ்ஸுக்கே கைக்காசு. பாதிக்கப்பட்ட மக்களிடம் உட்கார்ந்து பேச எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் தெரியும், ஏனென்றால் அவளே அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவள். போய்விட்டாள். வீட்டில் ஆதரவு இருந்த நானும் இன்னொருவனும் நின்றோம். இன்றைக்கு எங்களைத்தான் 'அனுபவசாலிகள்' என்று கூப்பிட்டுப் பேசச் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் சம்பளம் கிடையாது என்றால் நடப்பது இதுதான். இல்லாதவர்களுக்குப் பயனாளி பட்டியலில் இடம் உண்டு, ஊழியர் பட்டியலில் கிடையாது.

மனசு, மனசு என்கிறீர்களே, அதையும் சொல்கிறேன். முதல் வருடம் வெள்ளம் வந்த ஒரு பகுதியில் நிவாரணம். தார்ப்பாய், போர்வை கொடுக்கப் பயனாளி பட்டியல் தயார் செய்வது என் வேலை. நாலு பேர் நாலு நோட்டில் எழுதி வந்த பேர்களை எக்செல்லில் ஏற்றி, இரட்டைப் பதிவை நீக்க வேண்டும். ஒரே பேர், ஒரே கணவர் பேர், ஒரே தெரு, இரண்டு தடவை வந்திருந்தது. ஒன்றை நீக்கினேன். கொடுக்கும் நாள் வரிசையில் ஒரு அம்மா முன்னால் வந்து கையை நீட்டினார், டோக்கன் இல்லை. நான் தாளைத் தடவித் தடவித் தேடுகிறேன். "என் பேரு இல்லையாப்பா? எழுதிக்கிட்டுப் போனாங்களே" என்றார். அதே பேரில் அந்தத் தெருவில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். அடையாள அட்டை எண்ணை ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சம்பளம் இல்லாதவனுக்குப் பயிற்சி மட்டும் எங்கிருந்து வரும்? அன்றைக்கு எனக்கு மனசு நிறையவே இருந்தது. எக்செல் தெரியவில்லை.

சரி, இப்போது வரப்போகும் கமெண்டுகள்.

"பெரியவங்கல்லாம் சம்பளம் வாங்கிட்டா செஞ்சாங்க?" அந்தப் பேச்சாளரும் செஞ்சிலுவைச் சங்கத்து ஹென்றி துனான் கதையைச் சொன்னார். பாதிக் கதை. 1859-ல் இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் அடிபட்டுக் கிடந்தவர்களைப் பார்த்தது, 1863-ல் கமிட்டி உருவானது, 1901-ல் முதல் அமைதி நோபலில் பாதி, அது வரைக்கும் சொன்னார். நடுவில் 1867-ல் மனிதர் திவாலானதையும், அவர் சேர்ந்து தொடங்கிய கமிட்டியே அவரைக் கழற்றிவிட்டதையும், வருடக்கணக்கில் வறுமையில் அலைந்ததையும் விட்டுவிட்டார். அதே அமைப்பு இன்றைக்குத் தன் ஊழியர்களுக்கு முறையாகச் சம்பளம் கொடுக்கிறது. அதையும் சொல்லவில்லை. வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பை 1972-ல் ஆரம்பித்த ஃபசல் ஹசன் அபேத் அதற்கு முன்னால் எண்ணெய் கம்பெனியில் கணக்கு அதிகாரி. சொந்த ஃப்ளாட்டை விற்றுப் போட்டார் என்று மெய்சிலிர்க்கிறோம், சரிதான். விற்க ஒரு ஃப்ளாட் இருந்தது என்பதையும் சேர்த்துச் சிலிர்க்கலாமே.

"அப்போ தன்னார்வலர்களைக் கேவலப்படுத்துறியா?" இல்லை, சத்தியமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து ரத்தம் கொடுப்பவர், பார்வையற்றவர்களுக்குப் படித்துக் காட்டுபவர், ராத்திரி ஹெல்ப்லைனில் உட்காருபவர், எல்லோருக்கும் கும்பிடு. அது அவர்கள் தங்கள் நேரத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது. காலை ஒன்பது முதல் ராத்திரி எட்டு வரை, வாரம் ஆறு நாள், டார்கெட்டோடு, 'ஏன் ரிப்போர்ட் வரல' என்று திட்டோடு வாங்கும் வேலைக்குத் தொண்டு என்று பேர் வைக்காதீர்கள், அவ்வளவுதான். ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970-லிருந்து இருக்கிறது. பேரிலேயே 'தன்னார்வலர்' இருந்தும், களத்தில் முழுநேரம் வேலை செய்பவர்களுக்கு மாதாமாதம் வாழ்க்கைப்படி உண்டு. நாம்தான் டிசம்பர் 5 வந்தால் உலகத் தன்னார்வலர் தின வாழ்த்து ஃபார்வர்டு செய்துவிட்டு, ஜனவரியில் அவர்களின் பயணப்படி பில்லை நிறுத்தி வைக்கிறோம்.

அதே ஐ.நா.வையும் ரொம்பத் தூக்கிப் பிடிக்கவில்லை. சம்பளமில்லாத இன்டர்ன் ஒருவர் 2015-ல் ஜெனீவாவில் கூடாரத்தில் தங்கி வேலைக்குப் போன செய்தி உலகம் முழுக்க ஓடியது. உலக சுகாதார நிறுவனம் இன்டர்ன்களுக்கு உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்ததே 2020-ல்தான். உலகத்துக்கே உபதேசம் செய்கிற இடத்தின் லட்சணம் அது.

"மக்கள் கொடுத்த காசு, அதுல சம்பளமா?" இந்தக் கேள்விதான் எனக்குப் பிபியை ஏற்றுவது. ஆமாம், அதில்தான் சம்பளம். மனநல ஆலோசனைத் திட்டத்தில் ஆலோசகரின் சம்பளத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது இரண்டு நாற்காலி. நர்ஸின் சம்பளம்தான் அங்கே சிகிச்சை, டீச்சரின் சம்பளம்தான் அங்கே பாடம். 2013-ல் அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களைப் பற்றித் தகவல் திரட்டித் தரம் சொல்கிற மூன்று அமைப்புகளே சேர்ந்து நன்கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்பதை மட்டும் வைத்து எடை போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டன. அந்த விகிதத்தைப் பார்த்துப் பழகியவர்களே சொன்னது. திருடுகிறவர்களைப் பிடியுங்கள், வேண்டாம் என்றா சொல்கிறேன்? ஆடிட் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். அதற்காகக் கணக்கு எழுதுகிற பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள்.

'அர்ப்பணிப்பு' பற்றி கமெண்டில் எழுதப் போகிறவர்கள், உங்கள் மாதச் சம்பளத்தை முதல் வரியில் போட்டுவிட்டு இரண்டாவது வரியிலிருந்து எழுதுங்கள்.

அந்தத் தம்பிக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம்? பெரிய வித்தை இல்லை. 'தம்பி, இங்க சம்பளம் பெரும்பாலும் ப்ராஜெக்ட் பட்ஜெட்லருந்து வரும். ஃபண்டிங் முடிஞ்சா வேலையும் முடியும். அதனால ஒப்பந்தம் எத்தனை மாசம்னு கேளு, உன் சம்பளம் எந்த பட்ஜெட் லைன்ல, அதாவது எந்தச் செலவுத் தலைப்புல வருதுன்னு கேளு. ஃபீல்டு போனா பயணப்படி, இன்ஷூரன்ஸ் உண்டான்னு கேளு. அவங்க ஆண்டறிக்கையைப் படி. உனக்கு மேல யாரு, உனக்கு யாரு கத்துக்கொடுப்பாங்கன்னு கேளு. எழுத வரும்னா நிதி கேட்டு ப்ரொபோசல் எழுதப் பழகு, கணக்கு வரும்னா இன்னும் நல்லது, அதுக்குத்தான் ஆள் கிடைக்கிறதில்ல.' ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

கடைசியாக ஒரு ஆட்சேபம் பாக்கி. "சின்ன அமைப்புகிட்ட காசே இல்லையே, என்ன பண்ணும்?" இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மூன்று மாதம் ஃபண்ட் வராமல், ஊழியர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஆபீஸுக்குப் பின்வாசல் வழியாக வந்த தலைவர்களை எனக்குத் தெரியும். தன் நகையை வைத்துச் சம்பளம் போட்டவரையும் தெரியும். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், இவ்வளவுதான் முடியும் என்று சொல்லுங்கள். கேட்டவனைச் சின்னவனாக்காதீர்கள் என்று மட்டும்தான்...

இதை எழுதும்போது ஒன்று தொண்டையில் நிற்கிறது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு இன்டர்வியூவில் மேசைக்கு இந்தப் பக்கம் நான். ஒரு பெண் எல்லாவற்றுக்கும் பளிச்சென்று பதில் சொன்னாள். கடைசியில் "சம்பளம் எவ்வளவு சார், மாசம் எந்தத் தேதில வரும்?" என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை. ஆனால் மதிப்பெண் தாளில் 'அர்ப்பணிப்பு' என்ற கட்டத்தில் ஐந்துக்கு இரண்டு போட்டேன். அந்த இரண்டால்தான் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. நேற்று ஜூமில் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அந்தத் தாள்தான் ஞாபகம் வந்தது. அதனால்தான் தூக்கம் வரவில்லை போல.

அந்தத் தம்பியைத் தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். எங்களிடம் ஒரு இடம் காலியாகிறது, பதினெட்டு மாத ஒப்பந்தம். சம்பளம் பெரிதாக இல்லை. எவ்வளவு என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கிறோம்.