கண்ணாடிக்குள் ஒருமுறை செத்துப் பிழைக்கட்டும்

பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பதுதான் என் பிழைப்பு. பல ஆண்டுகளாக ஒரே மாதிரிதான் நடத்தி வந்தேன். முப்பது பேர் உட்காருவார்கள், திரையில் படங்கள் ஓடும், கடைசியில் பத்துக் கேள்விகள், ஒரு கையெழுத்து. மூடிய தொட்டிக்குள் இறங்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் ஒருவர் விடாமல் ஒப்பிப்பார்கள்: உள்ளிருக்கும் காற்றைச் சோதிக்க வேண்டும், அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், வெளியே ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும். அந்தக் கையெழுத்துத் தாள்கள் என் அலமாரியில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் இப்போது மனம் கூசுகிறது.

விஆர் கண்ணாடி, அதாவது கணினிக் காட்சியை நிஜம்போலக் கண்முன் காட்டும் தலைக்கருவி, மாட்டிப் பயிற்சி நடத்திய முதல் நாளில்தான் அந்தக் கூச்சம் தொடங்கியது. கண்ணாடிக்குள் ஒரு தொட்டி. எட்டிப் பார்த்தால் அடியில் சக தொழிலாளி விழுந்து கிடக்கிறார், கை மட்டும் லேசாக அசைகிறது. இருபது ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர், பத்து நிமிடத்துக்கு முன்னால் வகுப்பில் எல்லா விடைகளையும் சரியாகச் சொன்னவர், ஒரு நொடிகூட யோசிக்காமல் ஏணியில் இறங்கினார். நாலாவது படியில் காட்சி மங்கத் தொடங்கியது. ஆறாவது படியில் இருட்டு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "அவன் கை அசைந்தது சார், எப்படி நிற்பது?" என்று மட்டும் கேட்டார்.

வாய்க்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையில், மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே கிடந்தவரைக் காப்பாற்றப் போனவர்கள் என்று எழுதியிருந்தது. இறங்கியவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்கள். அங்கே தேங்கக்கூடிய ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு அழுகிய முட்டை போல நாறும் என்று நாம் பாடம் நடத்துகிறோம். ஆனால் காற்றில் அது பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவரை எந்தப் படக்காட்சி தடுத்து நிறுத்தும்?

ஆபத்தை இப்படிப் பாவனையில் பழகுவதில் புதுமை எதுவும் இல்லை என்பதுதான் என் ஆதங்கம். எட்வின் லிங்க் என்பவர் 1929இலேயே, தன் குடும்பத் தொழிலான ஆர்கன் இசைக்கருவியின் காற்றுத் துருத்திகளைக் கொண்டு, தரையை விட்டுக் கிளம்பாத ஒரு பயிற்சி விமானத்தைச் செய்துவிட்டார். முதலில் அதை வாங்கியவை பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்கள். 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் தபால் சுமந்து பறந்து அடுத்தடுத்து இறந்த பிறகுதான் ராணுவம் அதை வாங்கியது. விமானிகள் இன்றும் இயந்திரம் செயலிழப்பதைத் தரையிலேயே பழகிக்கொள்கிறார்கள். தொட்டிக்குள் இறங்குகிறவருக்கும் உயரத்தில் ஏறுகிறவருக்கும் மட்டும் படக்காட்சி போதும் என்று யார் முடிவு செய்தார்கள்?

கண்ணாடியே எல்லாம் செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் 2006இல் வந்த ஓர் ஆய்வு, 95 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, தொழிலாளர்கள் கையால் செய்து பார்த்துப் பழகும் பயிற்சியே அறிவையும் திறமையையும் மிக அதிகமாக வளர்க்கிறது என்று கண்டது. அந்த ஆய்வுகள் நடந்தபோது இன்றைய விஆர் கண்ணாடிகள் கிடையாது. ஆகவே பலன் செய்து பார்ப்பதில் இருக்கிறது. செய்து பார்த்தால் உயிர் போகும் என்கிற இடத்தில்தான் கண்ணாடிக்கு வேலை. தீயணைப்பானைப் பழக அது வேண்டாம். சிறிய தீயணைப்பான் பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் காலியாகிவிடும். அந்தக் கனத்தையும் பதற்றத்தையும் உண்மையான நெருப்பின் முன்தான் பழக வேண்டும். சிலருக்குக் கண்ணாடிக்குள் தலை சுற்றும், குமட்டும். விபத்தில் நண்பனை இழந்த ஒருவர் அந்தத் தொட்டிக் காட்சியைப் பார்க்க முடியாது என்றார். அவரைக் கட்டாயப்படுத்தாததில் எனக்கு இன்றும் நிம்மதி.

எனக்குக் கோபம் வருவது வேறொரு விஷயத்தில். நான் பயிற்சி நடத்திய ஓர் இடத்தில், கண்ணாடிக்குள் யார் யார் என்னென்ன தவறு செய்தார்கள் என்ற பட்டியலை நிர்வாகம் கேட்டது. ஊதிய உயர்வுக் கோப்பில் சேர்க்கப் போகிறார்களாம். செய்தி பரவிய மறுநாளே பயிற்சி அறையின் போக்கே மாறிப்போனது. முடித்து வெளியே வருகிறவரிடம் அடுத்தவர் விடைகளைக் கேட்டுக்கொண்டு போனார். ஒருவர்கூடத் தொட்டிக்குள் இறங்கவில்லை. மதிப்பெண் எல்லோருக்கும் நூறு. பழைய கையெழுத்துத் தாள் விலையுயர்ந்த வேடத்தில் திரும்பி வந்துவிட்டது. பட்டியலைக் கொடுக்க மறுத்தேன். அந்த வேலை அதோடு போனது. தவறு செய்தாலும் வீட்டுக்குத் திரும்பிப் போகலாம் என்கிற ஒரே இடம் அது. அங்கேயும் தண்டனை என்றால் தவறெல்லாம் நிஜத் தொட்டிக்காகக் காத்திருக்கும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இயந்திரத்துக்குத் தடுப்பு போடச் செலவாகும் என்று தள்ளிப்போட்டுவிட்டு, பயிற்சிக் கண்ணாடி வாங்கிப் புகைப்படம் போடுவார்கள். ஆபத்தையே அகற்றுவதுதான் முதல் வேலை, முடியாவிட்டால் தடுப்பு, பயிற்சி அதற்கெல்லாம் கீழே. இந்த வரிசை எந்தப் பாதுகாப்புப் பாடநூலிலும் இருக்கிறது.

சென்ற மாதம் வேறோர் ஆலையில் வாயுக்கசிவுப் பயிற்சி. கண்ணாடிக்குள் எல்லோரும் வால்வைச் சில நொடிகளில் மூடிவிட்டார்கள். மூத்த தொழிலாளி ஒருவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இதில் வால்வு மார்பு உயரத்தில் இருக்கிறது சார். அங்கே தலைக்கு மேலே அல்லவா இருக்கிறது? ஏணி கொண்டு வந்துதானே மூட வேண்டும்?" என்றார். படம் வரைந்தவர் செய்த பிழை, திருத்திவிடலாம் என்றார் கணினிப் பொறியாளர். ஆலை மேலாளர் எழுந்து போய் அந்த வால்வின் கீழே நின்று கையை உயர்த்திப் பார்த்தார். எட்டவில்லை. கீழே நின்றே சுழற்றும்படி அந்த வாரமே அதில் சங்கிலிச் சக்கரம் பொருத்தினார்கள்.