பிடிக்காத கட்சியின் பேச்சு

எங்கள் தெருமுனையில் ஒரு காலி மனை இருந்தது. தேர்தல் வந்தால் இந்த வாரம் ஒரு கட்சி அங்கே மேடை போடும், அடுத்த வாரம் அதற்குப் பதில் சொல்ல இன்னொரு கட்சி. குழாய் ஸ்பீக்கரை எங்கள் வீட்டைப் பார்த்துதான் கட்டுவார்கள். பிடிக்காத கட்சி பேச ஆரம்பித்தால் அப்பா ஜன்னலைச் சாத்துவார். மறுநாள் டீக்கடையில் அந்தப் பேச்சாளரை வரிக்கு வரி திட்டுவார். ஆக, மனுஷன் ஒரு வரி விடாமல் கேட்டிருக்கிறார்!

மைக் செட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பரீட்சை நேரத்தில் அது செய்த கொடுமை எனக்குத் தெரியும். ஆனால் எதிர்க்கட்சிக்காரனுடைய வாதமும் அது வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. அப்புறம் 1993-இல் சன் டிவி, 1999-இல் ஜெயா டிவி, 2007-இல் கலைஞர் டிவி என்று கட்சிக்கொரு சேனல் பார்க்கப் பழகினோம். அப்போதும் வீட்டுக்கு ரிமோட் ஒன்றுதான். சண்டை போட்டாவது இரண்டு தரப்பையும் பார்த்தோம்.

2016-இல் ஜியோ வந்து டேட்டா மலிவானது. இப்போது ஆளுக்கொரு போன். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஒரே சோபாவில் உட்கார்ந்து அம்மாவும் நானும் வேறு வேறு தேர்தல்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கு வந்த வீடியோ ஒன்றுகூட எனக்கு வரவில்லை. மேடையில் ஒருவர் பொய் சொன்னால் அடுத்த வாரம் அதே மனையில் பதில் கிடைக்கும். குடும்ப குரூப்பில் வரும் ஃபார்வர்டுக்கு யார் போய்ப் பதில் சொல்வது? அது வந்ததே எதிர்த்தரப்புக்குத் தெரியாதே.

சட்டம் இன்னும் அந்தக் காலி மனையிலேயே நிற்கிறது. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரச்சாரத்தை நிறுத்த வேண்டும், வெளியூர்க் கட்சிக்காரர்கள் தொகுதியை விட்டுக் கிளம்ப வேண்டும். 2024 ஏப்ரல் 17 மாலை இங்கே ‘அனல் பறந்த பிரச்சாரம் ஓய்ந்தது’. (அந்தத் தலைப்பை எப்போதுதான் மாற்றுவார்களோ!) கேரளாவுக்கு வாக்குப்பதிவு 26-ஆம் தேதிதான், அங்கே பேசியதெல்லாம் இங்கே நம் போனில் நேரலை. 19-ஆம் தேதி காலை நான் பூத்துக்குக் கிளம்பும்போதுகூட குரூப்பில் ஒரு வீடியோ வந்து விழுந்தது.

செலவுக் கணக்கும் இப்படித்தான். 2024-இல் இங்கே நாடாளுமன்ற வேட்பாளருக்கு 95 லட்சம் ரூபாய் உச்சவரம்பு. டீ என்ன விலை, நாற்காலி வாடகை எவ்வளவு என்று பட்டியல் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். யாருடையது என்றே தெரியாத பக்கத்திலிருந்து வரும் ரீல்ஸை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

தேர்தல் முடிவதற்குள் ஒரு ராத்திரி அம்மாவும் நானும் போனை மாற்றிக்கொண்டோம். பத்து நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. “கருமம், இதையெல்லாமாடா பாக்குற?” என்று போனை நீட்டினார். நான் கேட்க நினைத்ததும் அதேதான். அம்மாவிடம் ‘டா’ போட முடியாது, அவ்வளவுதான்.