நித்தியகல்யாணி வாடினால் உடனே தண்ணீரா?

"பாறைத் தோட்டத்து நித்தியகல்யாணி வாடினா ரெண்டு வேளையும் தண்ணி விடுங்க" என்று சொல்லும் யோசனை செடியைக் கொன்றுவிடும், அண்ணாச்சி. முதலில் விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தும் தலை தொங்கினால் அது தாகமல்ல, வேரழுகல். தண்டின் அடி கருத்திருக்கும். அந்தச் செடியை மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள், பக்கத்துச் செடிக்கும் பரவும்.

கல்லிடுக்கில் கரிசல் மண்ணை நிரப்பினால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நீர் வடியாமல் இதுதான் நடக்கும். அதற்குப் பதில் செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, பொடி ஜல்லி 1 பங்கு கலந்து ஒரு அடி ஆழத்துக்கு நிரப்புங்கள். திருநெல்வேலி மாவட்டத்து வள்ளியூர்ப் பக்கம் சரளை மண்ணில் யார் தண்ணீர் ஊற்றி நித்தியகல்யாணி பூக்கிறது? நட்ட முதல் மூன்று வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள் ஊற்றுங்கள். பிறகு மண் காய்ந்தால் மட்டும். உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் மண்டும்.