ஒரு கட்டம், இரண்டு மழை
"செயற்கைக்கோள் வந்தபிறகு மழைமானிக்கு வேலையில்லை" என்று மழை அளப்பது பற்றிய இந்தக் கட்டுரையில் வரும் வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. உலகம் முழுக்க மழையை அளக்கும் ஜிபிஎம் செயற்கைக்கோள் 2014-இல் மேலே போனது. அதை வைத்துத் தயாராகும் ஐமெர்ஜ் என்ற மழைத் தரவு பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரே மழை அளவு சொல்கிறது; ஒரு கட்டம் பக்கத்துக்குச் சுமார் 11 கிலோமீட்டர். தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் பாலக்கோடு பக்கத்துச் சித்திரை இடிமழைக்கு அது ரொம்பப் பெரிசு. போன வருஷம் எங்கள் கொல்லையில் நல்ல உழவு மழை. களத்தில் வைத்திருந்த தகர டப்பாவில் பையனோட ஸ்கேலை விட்டுப் பார்த்தேன், 38 மில்லிமீட்டர். மூன்று கிலோமீட்டர் தள்ளி அத்தையின் நிலக்கடலைக் கொல்லையில் புழுதிகூட அடங்கவில்லை. ரெண்டையும் சேர்த்துச் சராசரி போட்டால் ரெண்டு பேருக்குமே பொய். மேலே கருத்து எழுதிய ஒருவர் "அப்போ செயற்கைக்கோளே தண்டம்" என்கிறார், அதுவும் சரியில்லை. நடுக்கடலில் யார் போய் மழைமானி வைப்பது? புயல் அங்கேதானே பிறக்கிறது! சிக்கல் தரையில்தான்: நிலத்தின் மேல் செயற்கைக்கோளின் மைக்ரோவேவ் கருவி பெரும்பாலும் மேகத்துக்குள் இருக்கும் பனித்துகள்களை வைத்துத்தான் மழையை ஊகிக்கிறது, பனி இல்லாத தாழ்ந்த மேகத்து மழை நழுவிவிடும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் சமயத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் என்று நமக்குச் சொன்னது தரையில் இருந்த மழைமானிதான். அவ்வளவு ஏன், ஐமெர்ஜின் இறுதித் தரவையே மாதாந்திர மழைமானிக் கணக்கோடு ஒப்பிட்டுத்தான் திருத்துகிறார்கள்.