லாக்கில் ஒரு வரிகூட இல்லை

பெரிய கோப்பை நகலெடுக்கும்போதெல்லாம் கணினி அப்படியே உறைந்துவிடும். மவுஸ் நகராது, கீபோர்டில் நம்லாக் விளக்குகூட மாறாது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியதுதான். கொடுமை என்னவென்றால், கணினி நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் லாக் (log) கோப்பில் ஒரு வரிகூட இருக்காது. எழுதுவதற்குள் எல்லாம் நின்றுவிடுகிறதே!

ரேமைச் சோதித்தேன், டிரைவரை மாற்றினேன், பவர் சப்ளையைக்கூடச் சந்தேகப்பட்டேன். இரண்டு வாரம் வீண். கடைசியில், கூடுதலாகச் செருகியிருந்த நெட்வொர்க் கார்டைக் கழற்றியதும் நாள் முழுக்க ஓடியது. சரி, வேறு ஸ்லாட்டில் போட்டுப் பார்த்தால் மறுபடி உறைந்தது. அப்புறம் பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புகளில், ஏஎஸ்பிஎம் (ASPM) என்ற மின்சேமிப்பை அணைத்தேன்; கார்டுகளைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புக்கானது அது. நான்கு நாளாகச் சிக்கலே இல்லை.

மின்சேமிப்பு நிலையிலிருந்து ஒழுங்காக எழத் தெரியாத கார்டை, அந்த வசதி உண்டு என்று சொல்லி ஏன் விற்கிறார்கள்?