சாக்கடைக்கு நன்றி சொல்லணுமா?

எங்கள் தெருவின் புதுச் சாக்கடைக்கு நன்றி சொல்லி வைத்திருக்கும் அந்த பேனரைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் நாலு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வார்டு வாட்ஸ்அப் குழுவில் நடந்த கூத்தை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். எனக்கு "நன்றி கெட்டவன்" என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர் எங்கள் அப்பாவிடம் கணக்கு டியூஷன் படித்தவர். சரி, இருக்கட்டும்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். நீதிமன்றம் உத்தரவு போட்டு, அதையும் காதில் வாங்காமல் விட்டு, அவமதிப்பு மனு போட்ட பிறகு அவசர அவசரமாகக் கட்டிய சாக்கடைக்கு, "மக்களின் நீண்ட நாள் கோரிக்கையைத் தாயுள்ளத்தோடு நிறைவேற்றிய" என்று பத்தடி ஃப்ளெக்ஸ் எப்படி வைக்கிறார்கள்? தாயுள்ளம் எங்கே வந்தது இதில்? கோர்ட்டில் நேரில் போய் நிற்க வேண்டியிருக்கும் என்ற பயம் வந்தது. அதைப் போடுங்கள் பேனரில்.

சாக்கடை கட்டுவது தயவு இல்லை. கடமை. இந்தப் பதிவில் இதை இன்னும் நாலைந்து தடவை சொல்லப்போகிறேன். பிடிக்காதவர்கள் இப்போதே அன்ஃபாலோ செய்துகொள்ளலாம்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் என்று ஓர் ஊர். அங்கே ஒரு வார்டில் திறந்த சாக்கடை, ஆல்கஹால் ஆலைக் கழிவு, ஒதுங்க இடமில்லாமல் தெருவோரத்தையே நம்பியிருந்த குடிசை மக்கள், கொசு. பொறுக்க முடியாமல் ஜனங்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-ஆம் பிரிவு, பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லும் பிரிவு. மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டார். நகராட்சி என்ன செய்தது தெரியுமா? அதை எதிர்த்து வழக்காடிக்கொண்டே டெல்லி வரைக்கும் போனது. அந்த வக்கீல் ஃபீஸில் நாலு தெருவுக்காவது சாக்கடை கட்டியிருக்கலாமே என்று படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

நகராட்சி சொன்ன இரண்டு காரணங்களைக் கேளுங்கள். ஒன்று, பணம் இல்லை. இரண்டாவது இன்னும் அருமை: இப்படிப்பட்ட இடம் என்று தெரிந்துதானே அங்கே வீடு கட்டிக் குடிவந்தார்கள், இப்போது என்ன புகார்? நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இரண்டையும் ஏற்கவில்லை. பொதுச் சுகாதாரத்தைக் காப்பதற்கென்றே இருக்கும் நகராட்சி, காசில்லை என்று சொல்லித் தன் முதல் கடமையிலிருந்து ஓட முடியாது என்று எழுதினார். மனிதனின் கண்ணியம் பேரத்துக்கு உரியதல்ல என்றார். கழிவை நிறுத்து, கழிப்பறை கட்டு, கொசுவை ஒழி என்று கெடு வைத்து உத்தரவு.

40 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் வழக்கில் வந்த பதில் மனுவில் என்ன இருந்தது? "நிதி ஆதாரம் கிடைக்கப்பெற்றவுடன் பரிசீலிக்கப்படும்." அப்புறம் நம் குழுவில் ஒரு பெரியவர் போட்டாரே, "பள்ளத்தில் மனை வாங்கிவிட்டு நகராட்சியைக் குறை சொன்னால் எப்படி" என்று? ஐயா, அந்த ரத்லாம் நகராட்சியும் அதையேதான் சொல்லித் தோற்றது. உங்களுக்கு அந்தத் தீர்ப்பைப் படித்துப் பழக்கம் இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் வாதம் அச்சு அசல் அப்படியே இருக்கிறது, பாராட்டுகள்.

பள்ளம் என்று சொன்னதால் சொல்கிறேன். எங்கள் வாசலில் ஏழு செங்கல் இருந்தன. மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் வாசல்படி வரை வரும். வீட்டிலிருந்து ரோட்டுக்குப் போக அப்பா ஏழு செங்கல்லை ஓரடிக்கு ஒன்றாகப் போட்டு வைத்திருந்தார். மூன்றாவது கல் ஆடும். வருகிறவர்களிடமெல்லாம் அம்மா உள்ளேயிருந்தே "மூணாவது கல்லுல காலை வைக்காதீங்க" என்று குரல் கொடுப்பாள். பால்காரருக்குத் தெரியும், கேஸ் சிலிண்டர் போடும் தம்பிக்குத் தெரியும். 2018 ஐப்பசியில் ஊருக்கெல்லாம் சொன்ன அம்மாவே அதில் கால் வைத்து விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. இன்றைக்கும் மாவு பிசைந்தால் வலி. அந்தக் கறுப்புத் தண்ணீரிலிருந்து தூக்கி உட்கார வைத்தபோது அவள் முதலில் கேட்டது, "யாரும் பார்த்தாங்களா?" வலியைவிட அந்தக் கேள்விதான் எனக்கு இன்றுவரை போகவில்லை. கண்ணியம் என்று கிருஷ்ணய்யர் எழுதியது எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

அப்பா 2011-லிருந்து மனு எழுதினார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு எத்தனை தடவை போயிருப்பார் என்று கணக்கில்லை. கணக்கு வாத்தியாருக்கே கணக்கில்லை. ஒப்புகை அட்டைகளைத் தேதிவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். 2021-ல் அவர் போன பிறகு பீரோவைத் திறந்தால் ரப்பர் பேண்ட் உருகி அட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டை எடுத்துக்கொண்டுதான் நானும் பக்கத்து மூன்று வீட்டுக்காரர்களும் 2022-ல் ஹைகோர்ட்டில் ரிட் (அரசு தன் கடமையைச் செய்ய உத்தரவிடச் சொல்லும் மனு) போட்டோம். பேனரில் ஒன்பது பேர் முகம் இருக்கிறது. அதில் அப்பா படம் வேண்டும் என்று நான் கேட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அவர் படம் அந்த வரிசையில் இல்லாததே நல்லது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"நீதிபதி என்ன மேஸ்திரியா? எல்லாவற்றுக்கும் கோர்ட்டுக்குப் போனால் தேர்தல் எதற்கு?" இந்தக் கேள்வி வரும், வந்துவிட்டது. ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். நீதிமன்றம் புதிதாக எந்தக் கடமையையும் உண்டாக்கவில்லை. ரத்லாமில் 1961-ஆம் வருட நகராட்சிச் சட்டத்தின் 123-ஆம் பிரிவிலேயே அது இருந்தது. 74-ஆவது திருத்தத்தோடு அரசியலமைப்பில் சேர்ந்த 12-ஆவது அட்டவணையில் நகராட்சிகளுக்கான 18 வேலைகள் வரிசையாக இருக்கின்றன. பொதுச் சுகாதாரம், துப்புரவு, திடக்கழிவு எல்லாம் அதில் உண்டு. உயிர்வாழும் உரிமை என்கிற 21-ஆம் பிரிவில் மாசில்லாத நீரும் காற்றும் அடக்கம் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, கடமை ஏற்கனவே இருக்கிறது. கோர்ட் செய்வதெல்லாம் அதை ஞாபகப்படுத்துவதுதான். ஞாபகப்படுத்துவது தப்பென்றால், மறந்தது யார் தப்பு?

"நகராட்சிக்கு நிஜமாகவே காசில்லையே?" இதைக் கொஞ்சம் நேர்மையாகப் பேசவேண்டும். இல்லைதான். பல ஊர்களில் சம்பளத்துக்கே திண்டாட்டம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் காசில்லாத அதே வருடம் நுழைவு வளைவுக்குப் பெயிண்ட் அடித்தார்கள், நீரூற்று வைத்தார்கள். நீரூற்றில் தண்ணீர் இரண்டு நாள் வந்தது. சாக்கடையில் பன்னிரண்டு மாதமும் வருகிறது. காசில்லை என்றால் எதற்கு முதலில் என்று முடிவெடுக்க வேண்டும். அதைத்தான் கேட்கிறோம். தயவு கேட்கவில்லை.

"ஜனங்களே குப்பையைச் சாக்கடையில்தானே போடுகிறார்கள்?" ஆமாம், போடுகிறார்கள். அதனால்? ஓட்டை விழுந்த பையோடு கடைக்கு வந்தான் என்பதற்காக அரிசி தரமாட்டேன் என்பீர்களா? குப்பையைப் பிரித்து வாங்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளிலேயே வந்துவிட்டது. அதுவும் ஒரு பெண்மணி 1996-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதால் வந்தது. எங்கள் தெருவில் பச்சை வாளியையும் நீல வாளியையும் ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கிறோம். வண்டியில் இரண்டையும் ஒரே குவியலில் கொட்டுகிறார்கள். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

உத்தரவு கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்புகிறவனும் இல்லை. நம்பினால் பைத்தியக்காரன். எங்கள் முதல் ரிட்டில் என்ன வந்தது? "மனுதாரர்களின் மனுவை எட்டு வாரத்தில் பரிசீலித்துச் சட்டப்படி முடிவெடுக்கவும்." வழக்குப் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். வக்கீல் சார் போனில் "ஜெயிச்சுட்டோம்" என்றார். எட்டாவது வாரம் முடிந்து ஒரு கடிதம் வந்தது: பரிசீலித்தோம், நிதி இல்லை. பரிசீலிக்கத்தானே சொன்னார்கள், பரிசீலித்துவிட்டார்கள்! மறுபடி மனு, மறுபடி வாய்தா, அப்புறம் ஆறு மாதத்தில் கட்டு என்று உத்தரவு, கட்டாததால் அவமதிப்பு மனு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் விடிகாலை பஸ்.

பெரிய வழக்குகளே அப்படித்தான். பாலாற்றைத் தோல் கழிவிலிருந்து காப்பாற்ற வேலூர் மக்கள் போட்ட வழக்கில் 1996-ல் வந்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அதில்தான் உறுதியாகச் சொன்னார்கள். தொழிற்சாலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது, மறுபடி ஒரு குழு போட வேண்டியிருந்தது. தீர்ப்பு தாளில் இருந்தது. ஆறு அப்படியே இருந்தது.

இன்னும் ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நம் பக்கத்து ஆட்களுக்குப் பிடிக்காது.

எங்கள் தெருமுனையில் சாக்கடை மேல் பலகை போட்டு ஓர் அக்கா இட்லிக் கடை வைத்திருந்தார். கோர்ட் உத்தரவு வந்ததும் நகராட்சி முதலில் செய்த வேலை என்ன? கான்கிரீட் போட்டார்களா? இல்லை. அந்த அக்காவின் பலகையையும் அடுப்பையும் தூக்கி வண்டியில் போட்டார்கள். "கோர்ட் ஆர்டர்மா, நாங்க என்ன பண்றது" என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் உத்தரவில் அப்படி ஒரு வரியே இல்லை. வரிக்கு வரி படித்திருக்கிறேன். நிதி இல்லை என்றவர்களுக்கு அதைத் தூக்க வண்டியும் டீசலும் மட்டும் எங்கிருந்தோ கிடைத்தன.

ஆனால் முழுப் பழியையும் நகராட்சி மேல் போட்டுத் தப்பிக்கவும் மனசு வரவில்லை. நீதிமன்றங்களின் குரலும் இதில் ஒரே மாதிரி இல்லை. 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதற்குச் சமம் என்று அழகாக எழுதிவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் அப்புறப்படுத்தலாம் என்று முடித்தார்கள். நான் மேலே பெருமையாகச் சொன்னேனே அந்தக் குப்பை வழக்கு, அதிலேயே 2000-ல், ஆக்கிரமித்தவனுக்கு மாற்று இடம் தருவது பிக்பாக்கெட் அடித்தவனுக்குப் பரிசு கொடுப்பது மாதிரி என்று ஒரு வரி இருக்கிறது. சுத்தமான நகரம் என்று நாம் கேட்கும்போது, அந்தச் சுத்தத்தில் யாரைக் கூட்டிப் பெருக்கித் தள்ளுகிறோம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த அக்கா இப்போது என்னைப் பார்த்தால் பேசுவதில்லை. கேஸ் போட்டது நான்தானே. எனக்கு நன்றி கெட்டவன் என்ற பட்டம் வலித்தது உண்மை. அதைவிட இது வலிக்கிறது.

புதுச் சாக்கடையைத் திறக்கும் முந்தின நாள் அடைப்பெடுக்க ஒரு தம்பியை இறக்கினார்கள். கையில் கிளவுஸ் இல்லை, காலில் ஒன்றும் இல்லை. நான் போட்டோ எடுக்கப் போனதும் மேலே ஏறச் சொன்னார்கள். கழிவுக் குழியில் இறங்கிச் செத்தால் 10 லட்சம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-ல் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகை ஏறிக்கொண்டே போகிறது. ஆட்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தத் தம்பியின் முகமும் பேனரில் இல்லை.

அப்புறம் அந்த பேனர். அதை வைக்க அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. 2019-ல் சென்னையில் சாலையோர பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிர் போனபோது உயர் நீதிமன்றம் எவ்வளவு கோபப்பட்டது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் கோர்ட்டின் உத்தரவால் கட்டிய சாக்கடைக்கு, அந்தக் கோர்ட்டையே மதிக்காமல் ஒரு பேனர்.

இன்பாக்ஸில் வழி கேட்டவர்களுக்கு: எடுத்தவுடனே ஹைகோர்ட் போக வேண்டியதில்லை. ரத்லாம்காரர்கள் பயன்படுத்திய 133-ஆம் பிரிவு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 152-ஆம் பிரிவு. ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், மனு கொடுக்கலாம். தேதி போட்ட போட்டோ, பழைய ஒப்புகை அட்டை, எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள்.

சாக்கடை எப்படி இருக்கிறது என்று கேட்டால், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சிமென்ட் வாசனை இன்னும் போகவில்லை. ஆனால் வாட்டம் தப்பாக விட்டிருக்கிறார்கள். நேற்று அரை மணி நேரத் தூறல்தான். தண்ணீர் ரோட்டுப் பக்கம் போகாமல் எங்கள் வாசலைப் பார்த்துத் திரும்பி வந்து நின்றது. செங்கல் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிடலாமா என்று போன வாரம் அம்மாவிடம் கேட்டிருந்தேன். அவள் ஏழையும் கழுவி, துளசி மாடத்துக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறாள். "இருக்கட்டும்டா" என்றாள். "அந்த மூணாவது கல்லை மட்டும் மாத்திடு."