எல்லா நிகழ்வியல் ஆய்வுக்கும் 'திருப்பிக் காட்டுதல்' கட்டாயமா?

நிகழ்வியல் ஆய்வு (phenomenology) என்பது, ஓர் அனுபவத்தை வாழ்ந்தவர்களிடமே கேட்டு அதன் சாரத்தை விவரிப்பது. “முடிவுகளை நோயாளிகளிடம் திருப்பிக் காட்டி ஒப்புதல் வாங்காத நிகழ்வியல் ஆய்வு செல்லாது” என்று செவிலியர் முதுகலை மாணவர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது. தவறு.

அது உளவியலாளர் கொலாய்ஸி 1978-இல் வகுத்த முறையின் ஏழாவது, கடைசிப் படி மட்டுமே. இன்னொரு உளவியலாளரான ஜியோர்ஜியின் முறையில் அப்படி இல்லை. அனுபவித்தவர் அன்றாடப் பார்வையில் பேசுகிறார், அந்த அனுபவத்தின் அமைப்பைத் தன் துறையின் (உளவியல், செவிலியம் போன்றவை) பார்வையில் விவரிப்பது ஆய்வாளர் வேலை என்பது அவர் வாதம். ஜியோர்ஜி முறை என்று எழுதிவிட்டு ஏழாம் படியை ஒட்டவைப்பதுதான் உண்மையான பிழை.

கொலாய்ஸியைப் பின்பற்றினால், முழு உரையாடல் பதிவை நீட்டாதீர்கள், சுருக்கிய சாராம்ச விவரிப்பைக் காட்டி, “இதில் உங்கள் அனுபவத்தில் எது விடுபட்டது?” என்று கேளுங்கள். “சரியா?” என்றால், டயாலிசிஸ் நோயாளி மரியாதைக்காகவே “சரிதான் சிஸ்டர்” என்பார். புதிதாகச் சொல்வதை இறுதி விவரிப்பில் சேர்த்தாக வேண்டும்.